முதலில் கண்டவர்

பதினோரு வருஷமாக இளையவளை அந்த அலுவலகத்தில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ‘ரீல்’ என்றுதான் கூப்பிட்டார்கள். முகத்துக்கு நேரே கொஞ்சம் குறைவு, முதுகுக்குப் பின்னால் தாராளம். ரீல் வந்தாச்சா, ரீல்கிட்ட அந்த ஃபைலைக் கேளு, ரீல் இன்னிக்கு லீவு. நேற்று வேலைக்குச் சேர்ந்தவர்கள்கூட ஒரே வாரத்தில் கற்றுக்கொண்டுவிடுவார்கள். பெயர் வைத்த புண்ணியவான் வெளியாள் இல்லை. அவளுடைய சொந்த அக்காவின் புருஷன். அதைத்தான் அவளால் செரிக்கவே முடியவில்லை.

கப்பலில் போய்க் கடற்பறவைகளையும் திமிங்கிலங்களையும் டால்பின்களையும் அடையாளம் கண்டு எண்ணி வருவது அந்த அலுவலகத்தின் வேலை. கப்பல் ஒரு நேர்கோட்டில் போகும். மேல்தளத்தில் இரண்டு பேர் நிற்பார்கள். பார்வையாளர் கடலைப் பார்த்து, எது, எத்தனை, எந்தக் கோணம், எவ்வளவு தூரம் என்று வாய்விட்டுச் சொல்வார். குறிப்பாளர் குனிந்த தலை நிமிராமல் அதை அப்படியே தாளில் எழுதுவார். சொன்னதைத் திருத்தக் கூடாது, சொல்லாததைச் சேர்க்கக் கூடாது. கேமராவெல்லாம் பிற்பாடு வந்த சமாச்சாரம். அடிப்படையில் எல்லாமே வாய்ச்சொல்தான். பார்த்தேன் என்று ஒருவர் சொல்ல, உலகம் நம்ப வேண்டும். அதனால் அந்தத் தொழிலில் எதை வேண்டுமானாலும் மன்னிப்பார்கள், இல்லாத மிருகத்தைப் பார்த்தேன் என்று சொன்னவரை மட்டும் மன்னிக்க மாட்டார்கள். ஒரு பொய் நிரூபணமானால் போதும், அந்த ஆள் அதுவரை பார்த்த அத்தனையும் பதிவேட்டிலிருந்து அடிபட்டுப் போகும்.

இளையவளுக்கு அப்போது இருபத்தாறு வயது. கண் கூர்மை என்றால் அப்படி ஒரு கூர்மை. அலையை உரசிக்கொண்டு போகும் கறுப்புப் புள்ளி பெட்ரல் பறவையா ஷியர்வாட்டர் பறவையா என்று மற்றவர்கள் பைனாகுலரைத் துடைப்பதற்குள் சொல்லிவிடுவாள். அன்றைக்கு அவள் பார்வையாளர், அத்தான் குறிப்பாளர். ஆனால் அத்தான் பக்கத்தில் இல்லை. “தலை சுத்துது, பத்து நிமிஷம் படுத்துட்டு வந்துடறேன், சமாளிச்சுக்கோ” என்று கீழே கம்பி நீட்டியவர் முக்கால் மணி நேரமாகியும் மேலே வரவில்லை. வேலை நேரத் தாளில் மட்டும் அவர் கையெழுத்து முன்கூட்டியே ஜம்மென்று விழுந்திருந்தது. சொந்தக்காரர்தானே என்று அவளும் வாயை மூடிக்கொண்டிருந்தாள்.

பத்தேகால் மணிக்குக் கப்பலின் இடப்பக்கம், நானூறு மீட்டரில், அலகுத் திமிங்கிலங்கள் மூன்று மேலே வந்தன. அந்தக் கடலில் அதை உயிரோடு பார்த்தவர் ஒருவருமில்லை. எப்போதோ கரை ஒதுங்கிய ஒரு மண்டையோடு மட்டும் அலுவலகத்துக் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. நீளமான பழுப்பு முதுகு, முதுகின் கடைசியில் சின்னத் துடுப்பு, வெளுத்த தலை, உடம்பு முழுக்க இரட்டை இரட்டையாகக் கீறல். ஆண் திமிங்கிலங்கள் சண்டையில் பல்லால் இழுத்துக்கொள்ளும் தழும்பு அது. நாலு முறை சத்தமில்லாமல் மூச்சு விட்டன, பிறகு முதுகை வளைத்து உள்ளே போய்விட்டன. அவள் வாக்கிடாக்கியில் கத்தினாள். கையோடு படமும் வரைந்தாள். படப் புத்தகத்தைத் திறப்பதற்கு முன்னால் பார்த்ததை வரைந்துவிட வேண்டும் என்பது சட்டம், இல்லையென்றால் பார்த்ததும் படித்ததும் கலந்துவிடும். அத்தான் தூக்கக் கண்ணோடு ஓடி வந்தபோது திமிங்கிலம் இல்லை.

கரைக்கு வந்ததும் விசாரணை. இவ்வளவு அபூர்வமான விஷயத்துக்கு இன்னொரு ஜோடிக் கண் சாட்சி வேண்டும் என்றார்கள். அத்தான் என்ன செய்திருக்க வேண்டும்? நான் அங்கே இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் பணிநேரத்தில் இடத்தை விட்டுப் போனதற்கு வரவிருந்த பதவி உயர்வு காற்றில் போயிருக்கும். அதனால் மனுஷர் கூசாமல் சொன்னார்: “நான் பக்கத்துலதான் நின்னேன். ஒண்ணும் பார்க்கல.” அதோடு நிறுத்தினாரா? “சின்னப் பொண்ணு, ஆர்வக் கோளாறு. வேலைய விட்டு எடுத்துடாதீங்க, கரையிலேயே ஏதாச்சும் குடுங்க” என்று பெரிய மனசு பண்ணி அவளுக்காகக் கெஞ்சவும் செய்தார். அவர் கீழே தூங்கினார் என்று இளையவள் அழுதுகொண்டே சொன்னபோது எல்லோரும் அந்தக் கையெழுத்தைக் காட்டினார்கள். அக்காவோ, “உன் தப்பை மறைக்க அத்தான் தலையில பழியப் போடறியாடி?” என்று ஆறு மாசம் பேசவில்லை.

அதன்பின் அவளுக்குக் கிடைத்தது பின்கட்டு அறை. ஒரு ஜன்னல், அதைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் சுவர். மற்றவர்கள் கடலில் பார்த்து வந்ததைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது வேலை. அத்தான் தலைமைப் பார்வையாளர் ஆனார். கப்பல்காரர்கள் அவருக்கு ‘டெலஸ்கோப்’ என்று பட்டம் கொடுத்துத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார்கள். குடும்பம் கூடும்போதெல்லாம் அவருக்கு ஒரே நகைச்சுவைதான். “கொழுந்தியா, அந்தத் தண்ணித் தொட்டிய எட்டிப் பாரேன், ஏதாச்சும் திமிங்கிலம் தெரியுதா?” பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிக்கும். அவளும் சிரிப்பாள். சிரித்துக்கொண்டே, இருங்கள் அத்தான், எனக்கும் ஒரு நாள் வரும் என்று மனசுக்குள் கறுவுவாள்.

அந்த நாளை அக்காவே கையில் கொண்டு வந்து கொடுத்தாள்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் அக்கா முன்னறிவிப்பில்லாமல் வந்தாள். இளையவளின் வீடு இரண்டே அறை. கட்டிலில் காய்ந்த துணி குவிந்து கிடந்தது. அக்கா உட்கார்ந்து அதை ஒவ்வொன்றாக மடிக்க ஆரம்பித்தாள். கேட்கக் கூடாததைக் கேட்க வரும்போது அவள் கைக்கு ஏதாவது வேலை வேண்டும்.

“அவருக்குக் கண்ணு போயிட்டிருக்குடி.”

“யாருக்கு?”

“உங்க அத்தானுக்குத்தான், வேற யாருக்கு? ரெண்டு வருஷமா. நேரா பார்த்தா நடுவுல ஒரு கறுப்புப் பொட்டு மாதிரி மறைக்குதாம். ஓரத்துல மட்டும்தான் தெரியுதாம். டாக்டர் இது திரும்பாதுன்னுட்டார்.”

அத்தான் கொஞ்ச காலமாக முகத்தைப் பார்க்காமல் காதைப் பார்த்துப் பேசுவதை இளையவள் கவனித்திருந்தாள். திமிர் என்று நினைத்திருந்தாள்.

“இன்னும் ஒரே ஒரு பயணம்டி. அது முடிஞ்சா அவரைச் சரிபார்ப்புக் குழுவுக்குத் தலைவராப் போடறாங்க. கரையில நாற்காலி வேலை. எந்தக் கப்பல்ல யார் எதைப் பார்த்தாலும் இவர் சரின்னாத்தான் சரி. கண்ணு வேணாம், அனுபவம் போதும். இப்போ குறிப்பாளர் ஒருத்தர் விலகிட்டாராம். நீ போறியா? கூட நீ இருந்தா அவருக்கு ஒரு கண்ணு மாதிரி. நீ பார்த்து மெதுவா சொன்னா அவர் எடுத்துச் சொல்லிடுவார்.”

“அத்தானே கேட்டாரா?”

“ஐயோ, எனக்குத் தெரிஞ்ச விஷயம் உனக்குத் தெரியும்னு அவருக்குத் தெரியவே கூடாது. உயிரையே விட்டுடுவார்.” அக்கா ஒரு துண்டை நாலாக மடித்து மறுபடி பிரித்தாள். “பழசெல்லாம் மனசுல வச்சுக்காதடி.”

பார்த்தது பொய் என்று தன்னைக் கரையில் தள்ளிய ஆள், இனி எல்லோரும் பார்த்ததையும் பொய்யா நிஜமா என்று தீர்ப்புச் சொல்லப்போகிறார். அதுவும் கண் தெரியாமல்! இளையவளுக்குச் சிரிப்புத்தான் வந்தது. சரி என்றாள். அவ்வளவு சீக்கிரம் சரி என்றதில் அக்காவே கொஞ்சம் திகைத்துப் போனாள்.

கப்பலில் முதல் நாளே அவருடைய வித்தைகள் பிடிபட்டன. அவள் எழுதிய தாளை ஒருபோதும் வாங்கிப் படிக்க மாட்டார். “படி, கேட்கிறேன்” என்பார். தேநீர்க் கோப்பையின் விளிம்பில் ஒரு விரலை வைத்துக்கொண்டுதான் ஊற்றுவார். பைனாகுலரைத் தூக்கிக் கண்ணில் வைத்துக்கொண்டு சும்மா நிற்பார். அவள் எழுதுகிற மாதிரி குனிந்தபடி, “அத்தான், அந்த நாற்பது டிகிரியில பறக்கறது...” என்று இழுத்தால் போதும். “இறக்கையை அடிக்குதா, மிதக்குதா?” என்பார். “நாலு அடி, அப்புறம் விறைப்பா ஒரு சறுக்கல்.” “வயிறு வெளுப்பா?” “வெளுப்புதான்.” உடனே தொண்டையைச் செருமி, கப்பல் அதிர, “ஷியர்வாட்டர், ஒன்று, நாற்பது டிகிரி, நூற்றைம்பது மீட்டர், நிச்சயம்!” என்று முழங்குவார்.

ஒரு விஷயத்தை ஒப்புக்கொண்டே ஆக வேண்டும். மனுஷருக்கு விஷயம் தெரியும். பறக்கிற விதத்தைச் சொன்னாலே பறவையைச் சொன்னார். நீர்ச் சீறல் சாய்ந்திருக்கிறதா நேராக நிற்கிறதா என்று கேட்டே திமிங்கிலத்தின் ஜாதியைச் சொன்னார். ஒரு தடவைகூட அவள் சொல்லாத எதையும் தானாகக் கூட்டவில்லை. பத்து நாளில் இருவருக்கும் அது பழகிப்போயிற்று, நல்ல ஜோடியாக வேலை ஓடியது. சில மத்தியானங்களில் அவளுக்கே மறந்துபோய், பதினோரு வருஷமாகப் பார்க்காத கடலைப் பார்க்கும் சந்தோஷத்தில் வாய் ஓயாமல் பேசினாள். பிறகு இரவு படுக்கையில் விழுந்ததும் நினைவு வரும். இந்தக் கடலைத்தானே இந்த ஆள் என்னிடமிருந்து பிடுங்கினார் என்று வயிறு எரியும். தாளில் ஒவ்வொரு வரியிலும் ‘முதலில் கண்டவர்’ என்று ஒரு கட்டம் உண்டு. அவள் கண்டது அத்தனைக்கும் அங்கே அவர் பெயரைத்தான் அவள் கையால் எழுதிக்கொண்டிருந்தாள்.

பத்தொன்பதாம் நாள் காலை கடல் எண்ணெய் ஊற்றிய மாதிரி கிடந்தது. வெயில் கப்பலுக்குப் பின்னாலிருந்து அடித்தது. கொடிமரத்தின் மேல் புதிதாக வைத்திருந்த கேமரா, முன்பக்கம் முழுவதையும் நேரத்தோடு பதிந்துகொண்டிருந்தது. இருநூறு மீட்டரில் ஒரு பாட்டில் மூடி மிதந்தால்கூட அன்றைக்குத் தெரியும். கப்பலை ஓட்டும் மேட் உள்ளே சுக்கான் அறையில் இருந்தார், அடுத்த ஜோடி கீழே தூங்கியது. இப்படி ஒரு காலைக்காகத்தான் அவள் பதினெட்டு நாள் நல்ல பிள்ளையாக இருந்தாள்.

“அத்தான்.” அவள் குரல் நடுங்கியது. நடிக்க வேண்டியிருக்கவில்லை. “இடது பக்கம். முப்பது டிகிரி. இருநூறு மீட்டர்.”

“என்னது?”

“நீள முதுகு. பழுப்பு. துடுப்பு ரொம்பப் பின்னாடி. நீர்ச் சீறலே இல்ல.”

அவர் பைனாகுலரைத் தூக்கினார். காலியான தண்ணீரை நோக்கி வைத்துக்கொண்டு அசையாமல் நின்றார். கேட்க வேண்டிய கேள்விகளை அவர் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, “தலை வெளுப்பா?” என்று மட்டும் மெதுவாகக் கேட்டார்.

“வெளுப்பு. உடம்பெல்லாம் இரட்டைக் கோடு. மூணு இருக்கு அத்தான். உங்களுக்குத் தெரியுதா இல்லையா?”

அங்கேதான் அவள் கத்தியைத் திருகினாள். தெரியவில்லை என்று அவர் சொன்னால் கண் போனது வெளியே வரும். தெரிகிறது என்றால் பொய்யர். எதைச் சொன்னாலும் அவளுக்குக் கொண்டாட்டம்தான்.

அவர் தொண்டையைச் செருமினார். முழங்கவில்லை. சாதாரணக் குரலில், “தெரியுது. அலகுத் திமிங்கிலம், மூன்று, முப்பது டிகிரி, இருநூறு மீட்டர், நிச்சயம்” என்றார். பிறகு, “முதலில் கண்டவர்ல உன் பேரைப் போடு” என்றார்.

என்ன தந்திரம் பாருங்கள்! மாட்டினால் அவள் மாட்டட்டும் என்று தள்ளிவிடப் பார்க்கிறார். அப்படித்தான் அவளுக்குத் தோன்றியது, ரத்தம் தலைக்கு ஏறியது.

“என் பேரைப் போட்டா யார் அத்தான் நம்புவாங்க? ரீல்னு சிரிப்பாங்க. உங்க பேர் இருந்தாத்தான் இது நிக்கும்.”

அவள் அவர் பெயரையே எழுதினாள். ‘வேறு யாரும் கண்டார்களா’ என்ற கட்டத்தில் ‘இல்லை’ என்று போட்டாள். படித்துக் காட்டும்போது அந்தக் கட்டத்தை மட்டும் விட்டுவிட்டாள். அவர் விரலால் தாளின் ஓரத்தைத் தடவிக் கீழே வந்து கையெழுத்துப் போட்டார். அன்று ராத்திரி அவள் நிம்மதியாகத் தூங்கினாள். பதினோரு வருஷத்தில் அப்படித் தூங்கியதில்லை.

கரைக்கு வந்த நாலாம் நாள் சரிபார்ப்புக் கூட்டம். முதல் மாடியில் நீள மேஜை, சுவர் முழுக்கக் கடல் வரைபடம், மூலையில் ஓயாமல் முனகும் ஏசி. தலைமை நாற்காலியில் பதிவாளர் அம்மா இருந்தார். பதிவேட்டில் எது ஏறும், எது ஏறாது என்பது அவர் பேனாவில் இருந்தது. பதினோரு வருஷத்துக்கு முன்பும் அதே அம்மாதான், முடி மட்டும் இப்போது நரைத்திருந்தது. குழுவின் மற்ற மூன்று பேர் இரண்டு பக்கமும். அத்தான் ஒரு கோடியில், இளையவள் எதிரே. அக்கா வெளியே நடைபாதையில் பெஞ்சில் காத்திருந்தாள். கூட்டம் முடிந்ததும் தலைவர் பதவி அறிவிப்பார்கள், கூடவே வீட்டுக்குப் போகலாம் என்று நல்ல சேலை கட்டிக்கொண்டு வந்திருந்தாள்.

பதிவாளர் அம்மா திரையைக் காட்டினார். காலை ஒன்பது பன்னிரண்டு. கண்ணாடி மாதிரிக் கடல். ஒன்பது பதிமூன்று. கடல். ஒன்பது இருபது வரைக்கும் வெறும் கடல்தான்.

“இருநூறு மீட்டர்னு எழுதியிருக்கு. நிச்சயம்னு எழுதியிருக்கு. முதலில் கண்டவர் நீங்கன்னு எழுதியிருக்கு” என்றார் அத்தானைப் பார்த்து. “இங்க ஒரு ஈ கூட இல்லையே?”

இளையவளுக்குக் காது சூடேறியது. சொல்லுங்கள் டெலஸ்கோப், பூசி மெழுகுங்கள் பார்க்கலாம் என்று அவள் மேஜைக்கடியில் விரல்களை இறுக்கிக்கொண்டாள். அவர் தடுமாறுவார், கேமரா கோளாறு என்பார், வெயில் என்பார். ஒவ்வொன்றுக்கும் அவளிடம் பதில் இருந்தது. கண் தெரியவில்லை என்று மட்டும் அவர் சாகிறவரைக்கும் சொல்ல மாட்டார். அதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை.

“எனக்குக் கண் தெரியாதுங்க” என்றார் அத்தான்.

யாரோ நாற்காலியை நகர்த்தினார்கள்.

“ரெண்டு வருஷமா தெரியல. நடுப்பார்வை போயிடுச்சு. மறைச்சது என் தப்பு. இந்தப் பயணம் முழுக்க இவதான் பார்த்தா. இவ சொன்னதை நான் சொன்னேன். பறவை, திமிங்கிலம் எல்லாம் இவ கண்டது. இந்த மூணையும் இவதான் சொன்னா, நான் ஆமான்னேன்.”

“தெரியாம எப்படி ஆமான்னீங்க?”

அவர் மேஜையின் விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தார். “பதினோரு வருஷத்துக்கு முன்னாடி இவ இதே திமிங்கிலத்தைப் பார்த்தா. நான் பக்கத்துல நின்னேன்னு உங்ககிட்டதான் சொன்னேன். நிக்கலைங்க. கீழ தூங்கிட்டிருந்தேன். இவ கத்தினதும் மேல ஓடி வந்தேன். மிருகம் போயிடுச்சு. ஆனா தண்ணியில வழுவழுன்னு வட்டம் மூணு இருந்துச்சு, பெரிய உடம்பு உள்ள போனா ஒரு நிமிஷம் நிக்குமே, அது. நான் பார்த்தேன். பார்த்துட்டு இல்லன்னேன். அன்னிக்கு இவ சொன்னது நிஜம். இந்தத் தடவையாவது இவ சொன்னதுக்கு ஆமான்னு சொல்லிடணும்னு தோணுச்சு. அவ்வளவுதான். இவ என்னைச் சோதிக்கிறாளா, இல்ல நிஜமாவே இருந்துச்சான்னு எனக்குத் தெரியாது. கேமரால இல்லன்னா இல்லதான்.”

குழுவில் ஒருவர் எழுந்து போய் அத்தானுக்குத் தண்ணீர் கொண்டு வந்தார். கோப்பையை அவர் கையைப் பிடித்து அதில் வைத்தார். இன்னொருவர் “அடடா” என்றார். பதிவாளர் அம்மாவின் முகமே இளகிவிட்டது. இளையவள் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு இதே அறையில் அவள் மூக்கு ஒழுக அழுதபோது ஒரு கைக்குட்டை நீட்ட ஆளில்லை. பொய் சொல்லிப் பதவி வாங்கினார், கண்ணில்லாமல் பதவியில் இருந்தார், இப்போது உண்மையைச் சொல்லி எல்லோர் மனசையும் வாங்கிக்கொண்டார். பழி வாங்கக்கூட விடமாட்டேன் என்கிறாரே இந்த மனுஷர்!

பதிவாளர் அம்மா அவள் பக்கம் திரும்பினார். “நீங்க சொல்லுங்க. இந்த மூணையும் நீங்கதான் இவருக்குக் காட்டினீங்களா?”

அவள் வாயைத் திறப்பதற்குள் பதிவாளர் அம்மாவே கையை உயர்த்தினார்.

“யோசிச்சுச் சொல்லுங்க. இவர் ரெண்டு விஷயம் சொல்றார். அன்னிக்கு நீங்க பார்த்தது நிஜம்ங்கறார். இன்னிக்கு இல்லாததைக் காட்டினது நீங்கங்கறார். சொல்ற வாய் ஒண்ணு. நம்பினா நான் ரெண்டையும் நம்பணும். உங்க பழைய திமிங்கிலத்தை இன்னிக்கே பதிவேட்டுல ஏத்திடறேன், அந்தக் கடல்ல அதை முதல்ல கண்டவர் நீங்க. இந்தப் பொய்ப் பதிவுக்கு உங்களைக் கப்பல் வேலையிலிருந்து எடுத்துடுவேன். இவர் கண்ணு போனவர்னு மரியாதையா ஓய்வுல போவார். இவர் சொல்றது பொய்ன்னா, பொய்ப் பதிவு இவரோடது. முப்பது வருஷப் பட்டியலும் போகும், இவரும் போவார். உங்க மேல ஒண்ணுமில்ல. ஆனா பழசு பழசாவே இருக்கும்.”

அந்த மூன்று முதுகுகள் அவள் கண் முன்னால் வந்தன. எத்தனையோ ராத்திரி அவற்றைத் திரும்பத் திரும்ப நினைத்து, நான் பார்த்தேன், பார்த்தேன், பைத்தியம் இல்லை நான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருக்கிறாள். ஆம் என்று ஒரு சொல் சொன்னால் போதும், அவை இன்றைக்கே பதிவேட்டில் நீந்தும். எதிரே அத்தான் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். அவரைச் சுற்றி நின்ற இரண்டு பேரும் அவர் தோளைத் தொட்டுக்கொண்டு நின்றார்கள். ஆம் என்றால் அவர் இப்படியே, இந்தக் கைகளோடு, மாலை மரியாதையோடு வெளியே போவார்.

“நான் ஒண்ணும் காட்டலைங்க” என்றாள் இளையவள். “என் வேலை எழுதறது. தாளைப் பார்த்துட்டிருந்தேன். அவர் சொன்னார், எழுதினேன்.”

“நல்லா யோசிச்சீங்களா?”

“யோசிச்சேன்.”

“அப்போ பழைய பதிவு?”

“பழசாவே இருக்கட்டும்.”

அத்தான் தோளில் இருந்த கைகள் ஒவ்வொன்றாக எடுக்கப்பட்டன. அதை அவள் கண்குளிரப் பார்த்தாள். அந்த ஒரு காட்சிக்காகத்தான் பதினோரு வருஷம். பதிவாளர் அம்மா தாளின் மேல் குறுக்கே ஒரு கோடு போட்டார். பிறகு, பழைய ஃபைலை அதன் அட்டைக்குள் திருப்பி வைத்து நாடாவைக் கட்டினார். அந்த ஃபைலைக் கூட்டத்துக்கு அவர் எடுத்து வந்திருந்ததே அப்போதுதான் இளையவளுக்குத் தெரிந்தது. தன்னுடைய பழைய படத்தின் ஒரு மூலை ஒரு கணம் தெரிந்து உள்ளே போயிற்று. திருப்பிச் சொல்லிவிடலாமா என்று ஒரு நொடி பதறினாள். அதற்குள் அவர் அடுத்த தாளை எடுத்துவிட்டார்.

நடைபாதைக்கு வந்தபோது அக்கா பெஞ்சிலிருந்து எழுந்தாள். புருஷன் முகத்தைப் பார்த்தாள், தங்கை முகத்தைப் பார்த்தாள். “என்னடி ஆச்சு? என்ன சொன்னாங்க?” என்றாள்.

அத்தான் நின்று தலையைக் கொஞ்சம் பக்கவாட்டில் திருப்பினார். கண்ணின் ஓரத்தால் அவளைத் தேடிப் பிடித்தார். அவர் திட்டுவார் என்று அவள் எதிர்பார்த்தாள். திட்டினால் நன்றாக இருக்கும், அவளும் பதினோரு வருஷத்தையும் அவர் முகத்தில் கொட்டிவிடலாம். ஆனால் அவர் குரலில் கோபமே இல்லை.

“என்னை விடு. நான் செஞ்சதுக்கு இது சரிதான். ஆனா அன்னிக்கு நீ பார்த்த அந்த மூணும் உன்னை என்ன பண்ணுச்சு? உன்னைத் தவிர அதுங்களுக்கு இருந்த சாட்சி நான் ஒருத்தன்தான். என்னையும் பொய்யன்னு சொல்லிட்டியே.”

அக்காவுக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் கையைப் பிடித்துப் படிக்கட்டுக்குக் கூட்டிப் போனாள். “பார்த்து, இன்னும் ஒரு படி, ஒரு படி” என்று சொல்லிக்கொண்டே இறங்கினாள். இளையவள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மேலேயே நின்றாள்.